ஐவருக்கும் ஒரு வீடு

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சாலையில் கிழக்கே போனால் மண்ணரை வந்துவிடும். ஒரு காலத்தில் காடும் தோட்டமுமாக இருந்த தனி ஊர். இன்று மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. நிட்டிங், பிரின்டிங், பனியன் கம்பெனிகள், லைன் வீடுகள், துணி மூட்டை ஏற்றிய டெம்போக்கள் என்று நெருக்கியடிக்கும் தெருக்களுக்கு நடுவே பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. முன்னால் திண்ணை, உள்ளே மரத்தூண் வைத்த ஆசாரம், நடுவில் வானம் பார்த்த வாசல், இருட்டான உள்வீடு, மேலே அட்டாலி, பின்னால் பொடக்காளி. பனியன் தொழில் தலையெடுத்த காலத்தில், கொங்குக் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட ஆசாரம்தான் முதல் பட்டறை. கூலிக்கு ஆள் வைக்க வசதி வருவதற்கு முன்பு வீட்டார் எல்லோருமே அங்கே உட்கார்ந்து பிசிறு வெட்டினார்கள், மடித்தார்கள், கட்டுப் போட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டைப் புதுப்பிக்க இன்டீரியர் டிசைனர் ஒருவர் வந்து டேப்பை விரித்தால் போதும், மூன்று விதமான குரல் கேட்கும். “அப்பாரு கட்டுன ஊடுங்க, ஒரு செங்கல்லக்கூட அசைக்கக்கூடாது” என்பார் பெரியவர். “இடிச்சுட்டு மூணு மாடி போட்றலாங்க, கீழ கம்பெனிக்கு வாடகைக்கு உடலாம்” என்பார் மகன். “சமையக்கட்டுல கொஞ்சம் வெளிச்சமும் காத்தும் வந்தாப் போதுங்க” என்பார் மருமகள். மூவரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் பெரியவருக்கு வீடு என்பது சுவரும் உத்திரமும். மகனுக்கு அது மனை. மருமகளுக்கு அது அன்றாடம் புழங்கும் இடம். எதை மாற்றினாலும் வீடு வீடாகவே இருக்கும், எதை எடுத்தால் அது வேறொன்றாகிவிடும்? டைல்ஸ் மாதிரிகளைப் புரட்டுவதற்கு முன்பே டிசைனரும் குடும்பமும் விடை காண வேண்டிய கேள்வி இது. இது அலங்காரம் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. சமயமும் தத்துவமும் நெடுங்காலமாக மல்லுக்கட்டி வரும் கேள்வி.

கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் காத்து வந்தார்கள். பலகை உளுத்தபோதெல்லாம் புதுப் பலகை அடித்தார்கள். அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டாகப் பிரிந்து வாதாடியதைப் புளூட்டார்க் பதிந்து வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் பௌத்தர்கள் தேரை வைத்துக் கேட்டார்கள். மிலிந்த பஞ்ஞா என்னும் பாலி நூலில் நாகசேனர் என்ற துறவி, யவன மன்னன் மிலிந்தனிடம் கேட்கிறார்: நீ வந்த தேர் எது? அச்சா, சக்கரமா, நுகத்தடியா? ஒவ்வொன்றுக்கும் மன்னன் இல்லை என்கிறான். எல்லாம் சேர்ந்து இயங்கும்போது நாம் இட்டு வழங்கும் பெயர்தான் தேர் என்று முடிகிறது அந்த உரையாடல்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வடம் பிடித்தே பதில் சொல்லியிருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் 1920களில் எரிந்துபோனது. 1930-ல் புதுத் தேர் ஓடியது. மரம் வேறு, சிற்பம் வேறு, செதுக்கிய தச்சர் வேறு. ஆனாலும் அதை ஆழித்தேர் இல்லை என்று சொன்னவர் யாருமில்லை. தியாகராஜர் ஏறுகிறார், ஊர் இழுக்கிறது, நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிறது. அந்த உறவு அறுந்துபோகவில்லை.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது பாலாலயம். கோயிலில் திருப்பணி தொடங்குவதற்கு முன்பு சிவாச்சாரியார் யாகசாலையில் கும்பம் வைக்கிறார். செம்பின் மேல் நூல் சுற்றி, நீர் நிரப்பி, வாயில் மாவிலையும் அதன் மேல் தேங்காயும் தர்ப்பைக் கூர்ச்சமும் வைத்து, மூலவரிடம் இருக்கும் இறையாற்றலை மந்திரத்தால் அந்த நீருக்கு அழைக்கிறார். கலாகர்ஷணம் என்று இதற்குப் பெயர். பிறகு அந்த ஆற்றல் அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கோ வேறொரு தற்காலிக இடத்துக்கோ போகிறது. திருப்பணி முடியும்வரை பூசை அங்கேதான். கருவறையில் சாரம் கட்டலாம், கல்லைப் பெயர்க்கலாம், மருந்து சாத்தலாம். வேலை முடிந்ததும் குடமுழுக்கில் அதே ஆற்றல் மீண்டும் மூலவருக்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 23 ஆண்டுகளுக்குப் பிறகு 2020 பிப்ரவரி 5-ல் குடமுழுக்கு நடந்ததே, அதற்கும் இதுதான் முறை.

இதில் அடங்கியிருக்கும் சிந்தனை துணிச்சலானது. புனிதம் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மரியாதையோடு கேட்டுக்கொண்டால் அது இடம் மாறி இருந்துவிட்டுத் திரும்பி வரும் என்கிறது நம் மரபு. அதற்காகக் கல்லை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்று அது விட்டுவிடவும் இல்லை. கட்டடக் கலை நூலான மயமதத்தில் புதுப்பித்தலுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அடையாளம் இன்னும் தெரிகிற கட்டடத்தை அதன் சொந்தப் பொருளைக் கொண்டே சரிசெய்ய வேண்டும், குறைந்துபோனதை நிரப்ப வேண்டும், அளவைக் குலைக்கக் கூடாது என்பது அதன் போக்கு. பழைய ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்ததும், சிற்பத்தின் முகத்தில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததும் தமிழ்நாட்டுக் கோயில்களில் நடந்திருக்கின்றன. மயமதத்தின் கண்ணில் அவை திருப்பணியே அல்ல.

வீட்டுக்கும் இதே மரபு வழி செய்திருக்கிறது. புதுமனை புகுவதை மட்டுமே கிரகப்பிரவேசம் என்று நினைக்கிறோம். சாஸ்திரம் மூன்று வகை சொல்கிறது. புது வீட்டில் முதன்முதலாகக் குடிபோவது அபூர்வம். வெளியூர் சென்று நெடுநாள் கழித்துத் திரும்பி வருவது சபூர்வம். தீயாலோ வெள்ளத்தாலோ கெட்டுப்போன வீட்டைச் சீர்செய்து மறுபடி குடியேறுவது துவந்துவம். புதுப்பித்த வீட்டுக்குத் தனியாக ஒரு புகுவிழா வைத்த மரபு, வீடு மாறும் என்பதை ஏற்றுக்கொண்ட மரபு. ஆகவே, ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று பெரியவர் சொல்வதில் பாசம் இருக்கிறது; ஆனால் சாஸ்திரம் அவர் பக்கம் இல்லை.

அப்படியானால் மகன் சொல்வதுதான் சரியா? அதுவும் இல்லை. கோயிலில் மாறாமல் காக்கப்படுவது இறைவனுக்கும் ஊருக்கும் உள்ள உறவு. வீட்டில் அப்படிக் காக்க வேண்டியது எது?

திருவள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இதற்கு விடை வைத்திருக்கிறார். இல்லறத்தான் பேண வேண்டியவர்கள் ஐந்து பேர்: மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியாகத் தான். இந்த ஐவருக்கும் இடம் தருவதுதான் வீடு. சுவர் இடிந்து கட்டப்படலாம், ஓடு மாறலாம், தரை மாறலாம். ஐவருக்கும் உரிய இடம் இருந்தால் அது அதே வீடுதான். பளிங்கும் தேக்குமாக இழைத்து, நாலு பேரின் இடத்தைப் பிடுங்கி ஒருவருக்கே கொடுத்துவிட்டால், பழைய தூண்கள் அத்தனையும் அப்படியே நின்றாலும் அந்த வீடு போய்விட்டது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

கொங்கு நாட்டுப் பழைய வீட்டை இந்தக் கண்ணோடு நடந்து பார்த்தால் அதன் அமைப்பு புரியும். திண்ணை விருந்தினருக்கு. ஆசாரமும் வாசலும் சுற்றத்தாருக்கு. கல்யாணப் பந்தி முதல் இழவு வரை அங்கேதான். உள்வீடு தெய்வத்துக்கும் முன்னோருக்கும். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த காணிக்கை, பெரியவர்களின் படம், அவர்கள் தொட்டுப் புழங்கிய பெட்டி எல்லாம் அங்கே இருக்கும். வீட்டுக்காரருக்கென்று தனியாக என்ன இருந்தது? ஒரு பாயும் தலையணையும் விரிக்க இடம், அவ்வளவுதான். இன்றைய டிசைன் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. மாஸ்டர் பெட்ரூம், வாக்-இன் அலமாரி, ஹோம் தியேட்டர் என்று ஐந்தாமவரிடமிருந்து கணக்கைத் தொடங்கி, மிச்சமிருந்தால் மற்ற நால்வருக்கும் கொடுக்கிறது. மிச்சம் இருப்பதே இல்லை.

முதலில் பறிபோவது திண்ணை. காருக்கு இடம் வேண்டும், கிரில் கேட் போட வேண்டும், யாரோ வந்து உட்காருகிறார்கள் என்று காரணங்கள் வரிசையாக வரும். டிசைன் மொழியில் அது பயனில்லாத பரப்பு. வைணவ மரபில் தமிழ் வேதம் பிறந்ததே அப்படிப்பட்ட பரப்பில்தான். திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இடம் கொடுக்கிறார் பொய்கையார். பேயாழ்வார் வருகிறார். மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். இருட்டில் நாலாவதாக ஒருவர் நெருக்குவது தெரிகிறது. யாரென்று பார்க்கப் பொய்கையாரும் பூதத்தாரும் பாட்டால் ஆளுக்கொரு விளக்கேற்ற, அந்த வெளிச்சத்தில் பேயாழ்வார் கண்டு பாடினார்; அப்படி மூவரும் பாடியவைதான் முதல் மூன்று திருவந்தாதிகள் என்பது மரபு. நெருக்கிய நாலாமவர் பெருமாள். அவர் கருவறைக்கோ கூடத்துக்கோ வரவில்லை. வருகிறவருக்கு ஒதுங்க இடம் கொடுத்த நடைக்கு வந்தார்.

மண்ணரையில் இன்று கதவைத் தட்டுகிறவர்கள் யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கி, ஷிப்டு முடிந்து வெயிலில் நடந்து போகிறவர்கள். வள்ளுவர் சொன்ன விருந்து இவர்களைத்தான் குறிக்கும். முன்பின் தெரியாமல் வருகிறவர்தான் அந்தக் காலத்தில் விருந்து. பழைய திண்ணையை உடைத்துக் கிரானைட் படி வைக்கும் வீட்டார், தெருவோரம் ஒருவர் கால் ஆற்றிப் போக இருந்த நிழலையும் சேர்த்தே உடைக்கிறார்கள். கொஞ்சம் மனம் வைத்தால் கேட்டை இரண்டடி உள்ளே தள்ளிப் போடலாம், திண்ணையில் ஒரு பாதி தெருவுக்கே நிற்கும். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் வைக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

முன்னோர் விஷயத்தில் பொருளும் கைவேலையும் முக்கியமாகின்றன. பழைய சுவரில் அவர்களுடைய உழைப்பும் அறிவும் இருக்கின்றன. மண்ணாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளிவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில மழைக்காலங்களிலேயே பூச்சு உப்பிப் பொரிந்து கொட்டும். சுவர் பழசு, அதனால்தான் கொட்டுகிறது என்று பழியையும் சுவர்மேல் போடுவார்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, புளிக்கவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சாக அடுக்கடுக்காகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிற வேலை பொறுமை கேட்கும். செட்டிநாட்டில் கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்ப்பார்கள். கை வைத்தால் பளிங்கு போலக் குளிரும். தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து இந்த வேலையைச் செய்ய வைப்பது, முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

திருப்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அப்பாரு வெட்டிய கிணறு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தண்ணீர்தான் வாயில் வைக்க முடியாது. நொய்யல் படுகையில் சாயக்கழிவு இறங்கி நிலத்தடி நீர் உப்பானது ஊரறிந்த கதை. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைத் துளியும் வெளிவிடாமல் சுத்திகரிக்கும் முறை இங்கே கட்டாயமாக நிலைபெற்றது. உப்பு நீரைக் கொண்டு கட்டினாலும் நனைத்தாலும் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் ஓட்டிலிருந்து விழும் மழைநீரை அந்தக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டால், முன்னோருக்குப் பட்ட கடனில் ஒரு பங்கு தீரும்.

இனி, பழைய கட்டடங்களுக்கு வேறு இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரத்தால் பக்கத்து மனையில் அப்படியே கட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வழக்கம். 2013-ல் நடந்தது 62-வது முறை. அங்கே ஒரு பலகைகூடப் பழசில்லை. ஆனால் தச்சு வேலை தலைமுறைக்குத் தலைமுறை கைமாறி வருகிறது. பழைய பொருளைக் காப்பதே பாதுகாப்பு என்று 1964-ன் வெனிஸ் சாசனம் வலியுறுத்தியதற்கு, 1994-ல் ஜப்பானின் நாரா நகரில் எழுதப்பட்ட ஆவணம் இன்னொரு பார்வையைச் சேர்த்தது: ஒரு கட்டடத்தின் உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாடு எதை மதிக்கிறதோ அதை வைத்தே அளக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை இலங்கையில். பாத்திக் ஓவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு வீடு கட்டினார். நடு முற்றத்தைச் சுற்றி அறைகள், ஓட்டுக் கூரை; நம் தொட்டிக்கட்டு வீட்டின் உறவுக்காரி. 2009-ல் அந்த மனை பக்கத்து மருத்துவமனைக்குக் கைமாறியது. வீட்டைக் கல் கல்லாக எண்ணிட்டுப் பிரித்து, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கா தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். 2016-ல் வேலை முடிந்தது. காப்பாற்றிய பொருள் பழசு, இடமும் வாழ்க்கையும் புதிது. அழிந்து போகாமல் காத்தது பெரிய காரியம். ஆனால் இன்று அது ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடல்ல.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பழைய வடிவிலேயே பேணுகிறது. அங்கே நாட்டின் மூதாதை ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது, அது சரியானதும்கூட. நினைவில்லமாக நிற்கும் வீட்டுக்கு ஐவரில் ஒருவர் போதும். குடியிருக்கும் வீடு அப்படி நிற்க முடியாது.

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி இன்னும் உக்கிரமாக நடக்கிறது. நகரத்தார் வீடு ஒருவர் சொத்தல்ல. கட்டியவரின் வழிவந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பல குடும்பங்களில் முன்னோருக்குப் படைப்பு உண்டு. பேழையில் வைத்திருக்கும் சேலை வேட்டியை எடுத்து, புதுத் துணி சேர்த்துப் படைத்து, பங்காளிகள் கூடிச் சாப்பிட்டுக் கலைவார்கள். ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அந்த நாளுக்காகத் திறக்கின்றன. முன்னோரும் தெய்வமும் சுற்றமும் அங்கே உண்டு, குடியிருப்பவர்தான் இல்லை. பராமரிக்க ஆளில்லாமல் ஓடு சரிந்து, கடைசியில் பாகம் பிரித்து இடிக்கிறார்கள். பர்மா தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன.

அங்கிருந்து அவை கோவைக்கும் திருப்பூருக்கும் வருகின்றன. பாரம்பரியத் தோற்றம் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்காக, இன்னொரு குடும்பத்தின் வாசக்காலை வாங்கி வந்து வரவேற்பறையில் நிறுத்துகிறார் டிசைனர். வாசக்கால் சாதாரண மரச்சட்டமல்ல. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, கீழே காசும் நவதானியமும் இட்டு நிறுத்துவது. எத்தனையோ மணப்பெண்கள் வலது கால் எடுத்து வைத்துத் தாண்டியது. அதை வாங்குவது குற்றம் என்று சொல்ல முடியாது. விறகாய்ப் போவதைவிட நிற்பது மேல். ஆனால் ஒரே தெருவில் தன் அப்பாரு வீட்டு வாசக்காலை இடித்து விற்றுவிட்டு, காரைக்குடி வாசக்காலை விலைக்கு வாங்குவதைப் பாரம்பரியம் என்று அழைப்பது தகாது.

பழமை வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் கையை நாடலாம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர் கண்ணாடித் தகட்டைப் பரப்பி, அதன் மேல் பித்தளை அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் வண்ணம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கியதும் பூ நிற்கிறது. மேலே உலர்ந்த மணல் சிமென்டைத் தூவி, ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்து, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார். ஊறி எடுத்த பின் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்கிறது. கண்ணாடி பட்ட முகம் மின்னுகிறது. உலை இல்லை, சூளை இல்லை. அந்தக் கல்லை ஆசாரத்தில் பதிப்பவர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறார். ஒரு கைத்தொழிலை அடுத்த தலைமுறைக்கு அனுப்புகிறார்.

இதுவரை சொன்னதைப் படித்து, பழைய வீடு எல்லா விதத்திலும் உயர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்காரவில்லை. எந்தச் சாதிக்காரர் வாசல்வரை, யார் திண்ணைவரை, யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதற்கு வீடே அளவுகோலாக நின்றது. பொடக்காளிக் கதவு சிலருக்கென்றே வைத்தது. புகை மண்டிய சமையக்கட்டில் பெண்களின் கண்ணும் நெஞ்சும் கெட்டன. மாதவிலக்கு நாளில் ஒதுங்க ஒரு மூலை, கணவனை இழந்தவளுக்கு ஒரு மூலை என்று அந்த வீட்டின் இருட்டுக்குக் காரணங்கள் இருந்தன. விருந்தோம்பலைப் பேசிய வீடு, விருந்தினரைச் சாதி பார்த்துத் தேர்ந்தெடுத்தது. ஐவரில் ஐந்தாமவரான ‘தான்’ என்பதிலும் ஆண் மட்டுமே இருந்தான்.

ஆகவே புதுப்பித்தலில் பரிகாரமும் அடங்கும். மருமகள் கேட்ட சன்னல்தான் அந்த வீட்டில் முதலில் வைக்க வேண்டிய சன்னல். சமையக்கட்டை இருட்டு மூலையிலிருந்து வாசல் பக்கம் கொண்டுவருவது, வேலைக்கு வருகிறவரும் முன்வாசல் வழியாகவே வருமாறு நடையை மாற்றுவது, வயதானவர் வழுக்காமல் போய்வரக் கழிப்பறையை உள்ளேயே வைப்பது எல்லாம் மரபை மீறுவதாகப் பட்டால், அப்படித் தடுக்கும் மரபை விட்டுவிடுவதே அறம். பாலாலயத்தில் கும்பத்துக்கு அழைக்கப்படுவது இறையாற்றல் மட்டும்தான். சிதைவை யாரும் கும்பத்தில் அழைத்துப் பாதுகாப்பதில்லை. வீட்டிலும் விருந்தும் சுற்றமும் முன்னோர் நினைவும் புது வீட்டுக்குக் கூட வரட்டும். தீட்டும் ஒதுக்கலும் இடிந்த காரையோடு வண்டியேறிப் போகட்டும்.

மகனின் தரப்பிலும் நியாயம் உண்டு. உத்திரம் கரையான் அரித்து, சுவர் வெடித்துவிட்டால் இடிப்பதைத் தவிர வழியில்லை. தொழில் நடத்துகிறவருக்கு மனையின் மதிப்பு தெரியும். வாடகை இல்லாமல் கடன் அடையாது. ‘தான்’ என்பதும் வள்ளுவரின் ஐந்தில் ஒன்று. தன்னைப் பட்டினி போட்டுக்கொண்டு முன்னோருக்குப் படைக்கச் சொல்லவில்லை அவர். இடித்துக் கட்டினாலும் ஐவருக்கும் இடம் வைக்க முடியும். மாடி வீட்டிலும் தெருவைப் பார்த்து ஒரு திண்ணை வைக்கலாம், பங்காளிகள் ஒன்றாக உட்கார ஒரு கூடம் விடலாம், ஓட்டு வீட்டின் நல்ல தூண்களை அந்தக் கூடத்திலேயே நிறுத்தலாம், பழைய வாசக்காலையே புது வீட்டுக்கும் வைக்கலாம். திருவாரூர்த் தேருக்குப் பொருந்தியது மண்ணரை வீட்டுக்கும் பொருந்தும். மாறாக, உத்திரம் நன்றாக இருக்கும்போதே அலங்காரத்துக்காக மட்டும் இடிப்பதற்கு மேலே சொன்ன சாஸ்திரத்தில் இடமில்லை.

மண்ணரையிலும் சுற்றுப்பட்டிலும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசைனரைக் கூப்பிடுவதற்கு முன்பு வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பெண்கள், ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளில் ஐந்து பேரையும் எழுதுங்கள். முன்னோருக்கு எந்த இடம், சாமிக்கு எந்த இடம், தெரியாமல் வருகிறவர் உட்கார எந்த இடம், உறவுக்காரர் வந்தால் படுக்க எந்த இடம், நமக்கு எந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ அதிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வண்ணத்தையும் விளக்கையும் அதற்குப் பிறகு பேசலாம். வேலை முடிந்ததும் துவந்துவ கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்து, வீட்டைப் பூசிய கொத்தனாரையும் தச்சரையும் பக்கத்து லைன் வீட்டுக்காரர்களையும் முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.